கராச் வாசல்: மொறிஸ் எங்கே போனது?

சென்ற இதழில் பழைய கார்களின் பிரேக் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் அதிகமானவை பிரேக்கை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொண்டன. சின்ன வயதில் தெருவில் கண்ட கார்ப் பெயர்களெல்லாம் ஏன் ஒவ்வொன்றாக இல்லாமல் போயின என்று கேட்கிறார்கள். எனக்கு மனதுக்கு நெருக்கமான விஷயம் இது. அனுராதபுரச் சந்திப் பக்கம் கராச் வைத்திருந்த காலத்தில் நான் திருத்திய கார்களில் பலவற்றுக்கு அப்போதே கொம்பனி இல்லை. ஆகவே இம்முறை முழுப் பக்கமும் இதற்கே.

கேள்வி: ஐயா, எங்கள் அப்பப்பா வைத்திருந்த 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் இன்னும் வீட்டில் நிற்கிறது. அதைப் பார்க்க வந்த மெக்கானிக், "உள்ளே இருப்பது ஒஸ்ரின் என்ஜின்" என்றார். மொறிஸ் காருக்குள் ஒஸ்ரின் என்ஜின் எப்படி வந்தது? மொறிஸ் கொம்பனி இப்போது எங்கே? மகன் கேட்கிறான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
— வாசகி, உவர்மலை

மகள், மெக்கானிக் சொன்னது சரி. 1958 என்றால் அது மைனர் 1000. அதில் இருப்பது ஒஸ்ரினின் ஏ-சீரிஸ் என்ஜின், 948 சிசி. அது எப்படி அங்கே வந்தது என்று சொன்னாலே மொறிஸ் எப்படிப் போனது என்பதில் பாதியைச் சொன்னதாகிவிடும்.

வில்லியம் மொறிஸ் சைக்கிள் திருத்துவதில் தொடங்கியவர். 1913இல் தன் முதல் காரை விட்டார். ஒக்ஸ்போர்ட் நகரத்தை ஒட்டிய கவுலி என்ற இடத்தில் அவருடைய தொழிற்சாலை வளர்ந்தது. பிற்காலத்தில் நஃபீல்ட் பிரபு என்று பட்டமும் கிடைத்தது. அவருக்கு நேர் போட்டி, பர்மிங்காம் பக்கத்தில் லோங்பிரிட்ஜில் இருந்த ஒஸ்ரின். ஆசிரியர், கடைக்காரர், கிளாக்கர் என்று நடுத்தரக் குடும்பங்களைத்தான் இரண்டு பேரும் குறிவைத்தார்கள்.

மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948இல் லண்டன் கண்காட்சியில் அது முதன்முதலாக வெளியே வந்தது. வருவதற்குக் கொஞ்சம் முன்னர், கார் ஒடுங்கலாகத் தெரிகிறது என்று அவருக்குப் பட்டது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக வெட்டச் சொல்லி, இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குலம் தள்ளியபோது கண்ணுக்குச் சரியாக இருந்தது. அப்படியே முடிவாகிவிட்டது. உங்கள் மகனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பொனற்றைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவே முன்னிருந்து பின்னாகப் பட்டையான ஒரு மேடு ஓடும். அந்த நான்கு அங்குலம்தான் அது. பழைய கார்களில் நான் மிகவும் விரும்பும் அடையாளம் இதுதான். ஒரு மனிதரின் கண்ணும் மனமும் வேலை செய்ததை இரும்பிலே தொட்டுப் பார்க்கலாம்.

முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கோ அந்தக் கார் பிடிக்கவில்லை. உடைத்து ஊற்றி அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்றாராம். சனங்களுக்குப் பிடித்தது. ஸ்ரியரிங் துல்லியமாக இருந்தது, வளைவில் சாயாமல் போனது, சின்னக் குடும்பம் தாராளமாக இருந்து போக இடம் இருந்தது. குறை என்ஜினில்தான். 918 சிசி, இரண்டாம் உலகப் போருக்கு முந்திய காலத்து சைட்-வால்வ் என்ஜின். உடம்பு புதிது, இருதயம் பழையது.

1952இல் மொறிஸும் ஒஸ்ரினும் ஒன்றாகி பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன் ஆயின. ஒன்றானது என்று சொல்கிறோமே தவிர, கை ஓங்கியது ஒஸ்ரினுக்குத்தான். புதிய கொம்பனியைக் கையில் எடுத்த லெனார்ட் லோர்ட், முன்பு மொறிஸிடம் வேலை செய்து, முதலாளியுடன் முரண்பட்டு 1936இல் வெளியேறியவர். கவுலியைச் செங்கல் செங்கலாகக் கழற்றிப் போடுவேன் என்று அப்போது சபதம் செய்தார் என்று ஒரு கதை உண்டு. சபதம் உண்மையோ இல்லையோ, இணைப்புக்குப் பிறகு மைனருக்குள் ஒஸ்ரின் என்ஜின் ஏறியது. முதலில் 803, 1956இல் 948, 1962இல் 1098 சிசி.

காருக்கு இது நன்மை. 948 என்ஜின் வந்த பிறகுதான் மைனர் தன் உடம்புக்கு ஏற்ற ஓட்டம் ஓடியது. 1960 இறுதியில் பத்து இலட்சமாவது மைனர் வெளியே வந்தது. அந்தத் தொகையைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் அது. கொண்டாட்டத்துக்காக இளம் ஊதா நிறத்தில் தனியாகச் சில நூறு கார்கள் செய்தார்கள். மொத்தமாகப் பதினாறு இலட்சத்தைத் தாண்டியது.

மொறிஸ் என்ற பெயருக்கு இது நன்மையா என்று கேட்டால், இல்லை. இரண்டு கொம்பனி ஒன்றானபோது விற்பனைக் கடைகள் ஒன்றாகவில்லை. ஒஸ்ரின் விற்பவர் தனி, மொறிஸ் விற்பவர் தனி. இரண்டு பேருக்கும் எல்லா அளவிலும் கார் வேண்டும். புதிதாக இரண்டு கார் வடிவமைக்கக் காசு செலவாகும் என்று ஒரே காரைச் செய்து முகத்தை மாற்றினார்கள். 1959இல் மினி வந்தது. ஒரு கடையில் அது ஒஸ்ரின் செவன், மற்றக் கடையில் மொறிஸ் மினி-மைனர். அதே ஆண்டில் வந்த ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மொறிஸ் ஒக்ஸ்போர்டையும் எங்கள் வயதுக்காரர் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். முன் கிறில் வேறு, மினுக்குக் கம்பி வேறு, பின் லைட் ஓரம் கொஞ்சம் வேறு. பொனற்றைத் திறந்தால் இரண்டிலும் ஒரே 1489 சிசி பி-சீரிஸ். ஒன்றுக்கு வாங்கிய வோட்டர் பம்ப்பை மற்றதற்குப் பூட்டியிருக்கிறேன், ஒரு நூல் பிசகாது. அதே உடம்பில் வூல்ஸ்லி, ரைலி, எம்ஜி என்று இன்னும் மூன்று முகங்களும் வந்தன.

வாங்குகிறவன் முட்டாள் இல்லை. மொறிஸ் வாங்கினால் ஒஸ்ரினில் கிடைக்காத எது கிடைக்கும் என்று கேட்பான். 1948இல் அதற்குக் கையால் தொட்டுக் காட்டக்கூடிய பதில் இருந்தது. 1960களில் கிறில்லைத்தான் காட்டலாம்.

1968இல் லேலண்டும் வந்து சேர்ந்து பிரிட்டிஷ் லேலண்ட் ஆனது. அப்போது ஒரு பங்கீடு செய்தார்கள். முன் சில்லால் ஓடும் புதுப் பாணிக் கார்கள் ஒஸ்ரின் பெயரில் வரட்டும், பின் சில்லால் ஓடும் எளிய கார்கள் மொறிஸ் பெயரில் வரட்டும் என்று. காகிதத்தில் நல்ல திட்டம். நடைமுறையில் மொறிஸுக்கு மலிவான, அவசரமான வேலை என்றாகிவிட்டது. மைனரின் இடத்துக்கு 1971இல் வந்த மரீனாவின் முன்பக்க சஸ்பென்ஷன் மைனரிலிருந்து எடுத்ததுதான். 1948இல் முன்னோடியாக இருந்த ஏற்பாட்டை 1971இலும் புதுக் கார் என்று விற்றார்கள். ஆரம்பத்தில் இங்கிலாந்தில் மரீனா நன்றாகவே விற்றது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் அதை வாங்கியவன் அடுத்த தடவை திரும்பி வரவில்லை. 1975இல் கொம்பனி அரசாங்கத்தின் கைக்குப் போனது. மரீனாவைக் கொஞ்சம் திருத்தி 1980இல் ஐடல் என்று விட்டார்கள். 1984இல் அதுவும் நின்றது. மொறிஸ் என்ற பெயரில் கார் வந்தது அத்துடன் சரி.

வேலைநிறுத்தங்கள்தான் மொறிஸைக் கொன்றன என்று பலர் சொல்வார்கள். என் அப்பா இங்கே கடற்படைத் துறைமுகத்தில் ஃபிட்டர், தொழிற்சங்கக்காரர். இந்தப் பேச்சு வீட்டில் எழும்போதெல்லாம் அவருக்குக் கோபம் வரும். வேலைநிறுத்தங்கள் நடந்தது உண்மை. ஆனால் அதே கொம்பனிக்குள் இருந்த ஒஸ்ரின் மொறிஸைவிடக் கூடுதலாகச் சில ஆண்டுகள் நின்றது, ரோவர் 2005 வரை இழுத்தது, ஜாகுவார் இன்றும் இருக்கிறது. தொழிலாளி மொறிஸைப் பார்த்து மட்டும் வேலைநிறுத்தம் செய்யவில்லை. மேலே இருந்தவர்கள் மொறிஸுக்கென்று சொந்தமாக ஒன்றும் மிச்சம் வைக்காததுதான் காரணம் என்பது என் முடிவு.

கவுலியில் இன்றும் கார் செய்கிறார்கள். பிஎம்டபிள்யூவின் மினி அங்கேதான் வருகிறது.

உங்கள் மகனுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. மொறிஸின் பெயரைக் கரைத்த, ஒரே சாமானைப் பல கார்களுக்குப் போடும் அதே வேலைதான் உங்கள் காரை இன்றுவரை ஓடவைக்கிறது. 1951இல் ஒஸ்ரின் ஏ-30க்காகப் பிறந்த ஏ-சீரிஸ் என்ஜின் மைனர், மினி, எம்ஜி மிட்ஜெட் என்று எத்தனையோ கார்களில் ஏறி, பழைய மினி நின்ற 2000ஆம் ஆண்டு வரை உற்பத்தியில் இருந்தது. அதனால்தான் கஸ்கெட், பேரிங், பிஸ்டன் ரிங் எல்லாம் இன்னும் புதிதாகக் கிடைக்கின்றன. மைனருக்கான உடம்புத் தகடுகளை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய தொழிற்சாலை ஒன்றும் 1990களில் இயங்கியது. மொறிஸ் பிறந்த நாட்டுக்கு மைனரின் மட்கார்ட் நம் நாட்டிலிருந்து போனது. இதை நினைக்க எனக்கு எப்போதும் பெருமைதான்.

கேள்வி: மேர்க்கரி என்ற அமெரிக்கக் கார் கொம்பனியை மூடிவிட்டார்கள் என்று வாசித்தேன். அப்படியென்றால் மேர்க்கரி வெளியிணைப்பு என்ஜினுக்கு இனிச் சாமான் வராதா?
— மீன்பிடித் தொழிலாளி, திருக்கடலூர்

பயப்படாதீர்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. கார் ஃபோர்ட் கொம்பனியுடையது. படகு என்ஜின் 1939இல் தனியாகத் தொடங்கிய கொம்பனி. 1961இலிருந்து பிரன்ஸ்விக் என்ற நிறுவனத்திடம் இருக்கிறது, இன்றும் செய்கிறார்கள்.

கேள்வி: கனடாவில் இருக்கும் என் சித்தப்பா பொன்டியாக் வைப் என்ற காரைப் பல வருடங்களாக வைத்திருக்கிறார். பொன்டியாக்கை ஜெனரல் மோட்டார்ஸ் மூடிவிட்டதாம். "கொம்பனி போனாலும் கவலையில்லை, இது உள்ளே ரொயோட்டா" என்கிறார். உண்மையா? இவ்வளவு பெரிய ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஏன் இத்தனை பெயர்கள்?
— வாசகர், செல்வநாயகபுரம்

தம்பி, சித்தப்பா விசயம் தெரிந்தவர். வைப்பும் ரொயோட்டா மற்றிக்ஸும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டு கொம்பனியும் சேர்ந்து செய்த கார், என்ஜின் ரொயோட்டாவுடையது. கனடாவில் பொன்டியாக்குக்குத் தனி மதிப்பு இருந்தது. அங்கே மட்டும் விற்ற பொன்டியாக் மொடல்களே முன்பு இருந்தன.

இரண்டாவது கேள்விக்கு 1920களுக்குப் போக வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸை அப்போது நடத்திய அல்ஃபிரட் ஸ்லோன் கொம்பனியின் கார்களை ஓர் ஏணி மாதிரி அடுக்கினார். கீழ்ப்படி செவ்ரோலே. அதற்கு மேல், 1926இல் புதிதாகத் தொடங்கிய பொன்டியாக். பிறகு ஒல்ட்ஸ்மொபில், அதற்கு மேல் பியூக், உச்சியில் கடிலாக். முதல் சம்பளம் எடுக்கும் பையன் செவ்ரோலே வாங்குவான், பதவி உயர உயர அடுத்த படிக்கு ஏறுவான், காசு வேறு கொம்பனிக்குப் போகாது. ஒரு படிக்கும் மறுபடிக்கும் விலையிலும் பொருளிலும் வித்தியாசம் இருக்க வேண்டும் என்பதில் ஸ்லோன் கண்டிப்பாக இருந்தார். பல பத்தாண்டுகள் அது வேலை செய்தது.

நடுப்படியில் நின்ற ஒல்ட்ஸ்மொபிலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். மொறிஸை நினைத்து வருந்துகிறவர்கள் ஒல்ட்ஸ்மொபிலையும் அறிந்திருக்க வேண்டும். 1897இல் ரான்சம் ஓல்ட்ஸ் தொடங்கியது, 1908இல் ஜெனரல் மோட்டார்ஸுக்குள் வந்தது. அந்தக் கொம்பனி புதிதாக எதையாவது செய்து பார்க்க வேண்டுமென்றால் அதை ஒல்ட்ஸ்மொபிலில்தான் வைத்துப் பார்த்தது. பெருந்தொகையாகச் செய்த முதல் முழு ஓட்டோமற்றிக் கியர் 1940 மொடல் ஒல்ட்ஸ்மொபிலில் வந்தது. 1949இல் ரொக்கட் என்ற வி-8 என்ஜின். 1966 மொடல் டொரொனாடோவில் முன் சில்லு இழுவை, அதுவும் அவ்வளவு பெரிய காருக்கு. இன்ஜினியர்களும் டொக்டர்களும் தேடி வாங்கிய கார் அது. கடிலாக் வாங்கிக் காசைக் காட்ட விரும்பாதவர்கள், ஆனால் நல்ல சரக்கு எது என்று தெரிந்தவர்கள். 1976இல் ஒல்ட்ஸ்மொபிலின் கட்லஸ்தான் அமெரிக்காவில் அதிகம் விற்ற கார்.

அடுத்த வருடமே ஒரு சம்பவம். சிகாகோவில் ஒருவர் தன் புது ஒல்ட்ஸ்மொபிலைத் திருத்தக் கொடுத்தார். ஒல்ட்ஸ்மொபிலுக்கான சாமான் அந்த என்ஜினுக்குப் பொருந்தவில்லை. பார்த்தால் உள்ளே இருப்பது செவ்ரோலே என்ஜின்! ரொக்கட் என்ஜினுக்குத் தட்டுப்பாடு வந்ததும் கொம்பனி வாங்குகிறவரிடம் சொல்லாமல் கீழ்ப்படி என்ஜினை ஏற்றிவிட்டது. வழக்குகள் வந்தன, நட்டஈடு கொடுத்தார்கள். அந்தச் செவ்ரோலே என்ஜின் மோசமான என்ஜின் இல்லை, அருமையான என்ஜின். ஆனால் கூடுதல் காசு கொடுத்தவனுக்கு, தான் எதற்காகக் கூடுதலாகக் கொடுத்தோம் என்ற கேள்வி வந்துவிட்டது. ஒரு நடுத்தரப் பெயருக்கு இதைவிட மோசமான கேள்வி கிடையாது. ஒல்ட்ஸ்மொபில் அன்றைக்கே சாகத் தொடங்கியது என்பேன், விற்பனைக் கணக்கு அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் நன்றாக இருந்தபோதிலும்.

பின்னால் வந்த டீசல் என்ஜின் தொல்லை கொடுத்துப் பெயரை இன்னும் கெடுத்தது. 1980களில் செவ்ரோலே, பொன்டியாக், ஒல்ட்ஸ்மொபில், பியூக் நான்கும் ஒரே உடம்பில் வரத் தொடங்கின. 1983இல் ஃபோர்ச்சூன் சஞ்சிகை அந்த நான்கு கார்களையும் ஒரே நிறத்தில் நிறுத்தி அட்டைப் படமாகவே போட்டது. எது எது என்று சொல்வது கஷ்டம். படிகளெல்லாம் ஒரே உயரத்துக்கு வந்துவிட்டன. 1988இல், இது உங்கள் அப்பாவின் ஒல்ட்ஸ்மொபில் இல்லை என்று விளம்பரம் செய்தார்கள். அந்த விளம்பரத்தை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. அப்பாக்கள்தானே அதுவரை வாங்கினார்கள்? அவர்களை வாசலில் நிறுத்தி அவமதித்துவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் ஜப்பான் காருக்குப் போய்விட்டார்கள். 2000 டிசம்பரில் மூடும் அறிவிப்பு வந்தது, 2004 ஏப்ரலில் கடைசிக் கார். மூன்றரைக் கோடிக்கு மேல் கார் செய்த பெயர் அது.

பொன்டியாக்கின் முடிவு வேறு விதம். 2009இல் ஜெனரல் மோட்டார்ஸ் வங்குரோத்தாகி அரசாங்கக் காசில் எழும்பியபோது செவ்ரோலே, பியூக், கடிலாக், ஜிஎம்சி என்று நான்கை மட்டும் வைத்துக்கொண்டது. பியூக் தப்பியதற்குப் பெரிய காரணம், சீனாவில் அதற்கு இருந்த விற்பனை.

சித்தப்பாவிடம் சொல்லுங்கள், என்ஜின் சாமானுக்கு ரொயோட்டாக் கடைக்கே போகலாம். வெளித்தகடு, பம்பர், லைட் மட்டும்தான் தேட வேண்டி வரும்.

கேள்வி: எங்கள் பெரியப்பாவிடம் ஹில்மன் இருந்தது. அதுவும் லேலண்ட் கூட்டமா?
— வாசகி, மூதூர்

இல்லை. ஹில்மன் ரூட்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. 1967இல் அது அமெரிக்காவின் கிறைஸ்லர் கைக்குப் போனது. 1976இல் ஹில்மன் பெயரை எடுத்துவிட்டு கிறைஸ்லர் என்று ஒட்டினார்கள். இரண்டு வருடத்தில் பிரான்ஸின் பேஜோ அதை வாங்கி டல்பொட் என்று மாற்றியது. அந்தப் பெயரும் காரில் நிலைக்கவில்லை. ஒரே காரை வைத்திருந்த ஒரு குடும்பம், வீட்டை விட்டு அசையாமலே மூன்று கொம்பனி மாறியிருக்கும். ஹில்மன் ஹண்டர் மட்டும் ஈரானில் பெய்கான் என்ற பெயரில் 2005 வரை காராக வந்தது.

கேள்வி: நீங்கள் அடிக்கடி சொல்லும் கார்களைப் பார்த்தால் எப்போதும் நடுவில் இருப்பதுதான் மூடப்படுகிறது. மலிவானதை ஏன் மூடுவதில்லை? ஆடம்பரமானதை ஏன் மூடுவதில்லை?
— ஆசிரியர், கிண்ணியா

நல்ல கேள்வி, சேர். மலிவானதில் எண்ணிக்கை இருக்கிறது, தொழிற்சாலை அதனால்தான் ஓடுகிறது. ஆடம்பரமானதில் ஒரு காருக்குக் கிடைக்கும் லாபம் அதிகம். நடுவில் இருப்பதற்கு எண்ணிக்கையும் இல்லை, அவ்வளவு லாபமும் இல்லை. அதனிடம் இருப்பது தனித்தன்மை மட்டும். காசு நெருக்கும்போது கணக்குப் பார்க்கிறவர் முதலில் கை வைப்பதும் அந்தத் தனித்தன்மையில்தான். வேறு என்ஜின் எதற்கு, வேறு கதவு எதற்கு என்பார். அவர் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு சதமும் அந்தப் பெயரை அடுத்த வீட்டுப் பெயருக்கு இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோகும். கடைசியில் "இரண்டும் ஒன்றுதானே, ஒன்றை மூடுவோம்" என்று அவரே சொல்வார்.

முதல் பதிலில் சொன்ன கதையையே ஃபோர்ட்டும் செய்தது. ஃபோர்ட்டுக்கும் அதே கொம்பனியின் ஆடம்பரக் காரான லிங்கனுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது என்று 1938இல் ஹென்றி ஃபோர்ட்டின் மகன் எட்ஸல் ஃபோர்ட் மேர்க்கரியைத் தொடங்கினார். முதல் மேர்க்கரி ஃபோர்ட்டைவிடப் பெரிய உடம்பும் கூடுதல் வலுவுள்ள வி-8 என்ஜினும் கொண்டு, தனக்கென்று ஒரு நியாயத்துடன் வந்தது. 1978இல் அதன் விற்பனை உச்சத்தில் இருந்தது. பிற்காலத்தில் ஒவ்வொரு மேர்க்கரிக்கும் பக்கத்தில் அதே மாதிரி ஒரு ஃபோர்ட் நின்றது. சேபிள் என்றால் ஃபோர்ட் டோரஸ், மரைனர் என்றால் ஃபோர்ட் எஸ்கேப். 2008இல் ஜாகுவாரையும் லாண்ட் ரோவரையும் டாடாவுக்கு விற்ற ஃபோர்ட், 2010இல் வொல்வோவைச் சீனாவின் ஜீலிக்கு விற்றது. அதே ஆண்டு ஜூனில் மேர்க்கரியை நிறுத்துவதாக அறிவித்தது. வொல்வோவுக்கு வாங்க ஆள் இருந்தது, ஏனென்றால் அதற்குச் சொந்தச் சரக்கு இருந்தது. மேர்க்கரியை வாங்கினால் எதை வாங்குவது? பெயர்ப் பலகையைத்தான். 2011 ஜனவரியில் கடைசி மேர்க்கரி வந்தது.

ஜப்பான்காரரும் இதற்கு விலக்கில்லை, ஆனால் அவர்கள் அதை அமைதியாகச் செய்வார்கள். நம் நாட்டில் அலியன், பிரீமியோ என்றால் எவ்வளவு மதிப்பு! இரண்டும் ஒரே கார்தான். ரொயோட்டாவுக்கு ஜப்பானில் பல வகை விற்பனைக் கடைகள் இருந்தன. ஒரு வகைக் கடைக்கு அலியன், இன்னொரு வகைக்குப் பிரீமியோ. 2020 மே முதல் எல்லாக் கடையிலும் எல்லா ரொயோட்டாவும் விற்கலாம் என்றாகியது. அதோடு இரட்டைக் கார் வைத்திருக்கக் காரணம் இல்லாமல் போனது. 2021இல் இரண்டுமே நின்றன. உங்கள் பக்கத்து வீட்டில் நிற்கும் அலியனைப் பாருங்கள் சேர், அதுவும் நடுப்படியில் நின்று மறைந்த பெயர்தான்.

கேள்வி: ரோட்டில் புது எம்ஜி கார்கள் ஓடுகின்றன. அது நீங்கள் சொன்ன அதே பழைய எம்ஜியா?
— வாசகர், நிலாவெளி

பெயர் அதே பெயர். மொறிஸ் கார்களை விற்ற ஒக்ஸ்போர்ட் கராச் ஒன்றில் பிறந்தது எம்ஜி, அந்த இரண்டு எழுத்தும் 'மொறிஸ் கராஜஸ்' என்பதன் சுருக்கம். 2005இல் எம்ஜி ரோவர் விழுந்தபோது சீனாவின் நான்ஜிங் கொம்பனி வாங்கியது, பிறகு அது சாயிக் என்ற பெரிய சீனக் கொம்பனிக்குள் போனது. இன்றைய காரைச் செய்வது அவர்கள். காரை அதன் சொந்தத் தரத்தை வைத்து மதிப்பிடுங்கள், பழைய பெருமைக்காகக் கூடுதலாக ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: டட்சன் திரும்பி வந்ததாகக் கேள்விப்பட்டேன். வாங்கலாமா?
— வாசகர், சீனக்குடா

வந்தது, போயும்விட்டது. நிசான் கொம்பனி 1980களில் டட்சன் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டது. டட்சனுக்கு உலகம் முழுக்க இருந்த நல்ல பெயரைத் தன் கையாலேயே அழித்த வேலை அது. 2013இல் மலிவுக் காருக்காக அதே பெயரைத் தூசு தட்டி எடுத்தார்கள். சென்னைக்குப் பக்கத்தில் செய்தார்கள். 2022இல் நிறுத்திவிட்டார்கள். நம் ஊரில் ஓடிய பழைய டட்சன் 1200க்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவில்லை.

கேள்வி: ஐயா, எனக்கு ஒரு மொறிஸ் மைனர் வாங்க ஆசை. கல்யாண ஹயருக்கும் விடலாம் என்று நினைக்கிறேன். நான் இருப்பது கடலுக்குக் கிட்ட. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
— இளைஞர், உப்புவெளி

வாங்குங்கள் தம்பி. இந்த ஊரில் இன்னும் ஒரு மைனர் ஓடப்போகிறது என்றால் எனக்குச் சந்தோஷம்.

என்ஜினைப் பார்த்து மயங்க வேண்டாம். என்ஜினை எப்போதும் திருத்தலாம், ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். உடம்பைப் பாருங்கள். மைனருக்குத் தனியாகச் சட்டம் கிடையாது, உடம்பே சட்டம். கீழே கறள் பிடித்தால் கார் நடுவில் தொய்ந்துவிடும். நம் ஊர் உப்புக்காற்றில் வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளே தகடு பிஸ்கட்டாகியிருக்கும். கதவுக்குக் கீழே உள்ள பெட்டித் தகடு, முன் இருக்கைக்குக் கீழ் உள்ள தரை, பின்பக்க வில்லுத் தகடு உடம்பில் பூட்டியிருக்கும் இடம், இந்த மூன்றையும் படுத்துப் பாருங்கள். ஸ்குறூ டிரைவர் பிடியால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, மந்தமாகச் சத்தம் வந்தால் உள்ளே பேஸ்ட் அப்பியிருக்கிறார்கள். கதவை மெதுவாகத் திறந்து மூடுங்கள். மூடும்போது கதவைத் தூக்க வேண்டியிருந்தால் உடம்பு தொய்ந்துவிட்டது. அதை விற்பவர் எவ்வளவு விலை குறைத்தாலும் விட்டுவிடுங்கள், ரிங்கர் வேலை உங்கள் காசைத் தின்றுவிடும்.

அடுத்தது முன் சில்லு. கீழே ட்ரனியன் என்று ஒரு மூட்டு இருக்கிறது, அதற்குக் கிறீஸ் அடிக்கும் நிப்பிள் உண்டு. கிறீஸ் இல்லாமல் தேய்ந்தால் மரை கழன்று ஓடும்போதே சில்லு மடங்கிப் படுத்துவிடும். கல்யாண மாப்பிள்ளையும் பொம்பிளையும் உள்ளே இருக்கும்போது அப்படி நடக்கக் கூடாது. ஜாக்கில் தூக்கிச் சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டுத்தான் ரோட்டில் இறக்க வேண்டும். வாங்கிய பிறகு கிறீஸ் அடிப்பதைக் கராச்காரரிடம் விட வேண்டாம். கிறீஸ் துப்பாக்கி ஒன்று சொந்தமாக வாங்குங்கள்.

ஈயம் இல்லாத பெற்றோல் பற்றிப் பலர் பயமுறுத்துவார்கள். நீண்ட தூரம் வேகமாக ஓட்டினால்தான் எக்ஸோஸ்ட் வால்வ் இருக்கை தேயும். கல்யாண ஹயருக்கு ஊருக்குள் ஓடுவதற்கு உடனே ஒன்றும் ஆகாது. எப்போதாவது ஹெட்டைக் கழற்றும்போது கடினமான வால்வ் இருக்கை போட்டுவிடுங்கள்.

கடைசியாக பற்றரி. மைனரில் பற்றரியின் நேர் முனைதான் உடம்பில் பூட்டப்பட்டிருக்கும், இப்போதைய கார்களுக்கு நேர்மாறு. யாராவது பின்னாளில் மாற்றியிருக்கவும் கூடும். புதுப் பற்றரி போடுபவரோ, பாட்டுப் பெட்டி பூட்டுபவரோ பழக்கத்தில் கறுப்பு வயரை உடம்பில் பூட்டிவிடுவார். அவர் கை வைக்க முன், எந்த முனை உடம்புக்குப் போகிறது என்று நீங்கள் பார்த்து, பொனற்றுக்கு உள்பக்கம் பெயின்டால் எழுதி வையுங்கள்.